லெக்சர் உருவாக்கிகள் எழுதித் தரும் சி நிரல் தரத்துக்கு உட்பட்டதா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் உள்ள எடை மேடையில் குலை ஏற்றிய லோரி ஏறி நின்றதும், எடை காட்டும் கருவி "எஸ்டி, ஜிஎஸ், +012340 கேஜி" என்பது போன்ற ஒரு வரியைக் கம்பி வழியே அனுப்புகிறது. அத்தகைய வரியைத் துண்டு துண்டாகப் பிரித்தறியும் நிரல் பகுதியை லெக்சர் என்பார்கள். விதிகளைக் கொடுத்தால் லெக்சரை எழுதித் தரும் ஃபிளெக்ஸ் என்ற கருவியில் அவர் விதிகள் எழுதினார். ஃபிளெக்ஸ் அதைச் சி நிரலாக மாற்றித் தந்தது. நிரலை வாங்குபவர் இப்போது "முழு நிரலும் சி99 தரத்துக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்கிறார்; சி99 என்பது சி மொழியின் 1999-ஆம் ஆண்டு வரையறை. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைக் கண்டிப்பான நிலையில் ஓட்டிப் பார்த்தால், தங்கை கைப்பட எழுதாத வரியில் பிழை காட்டுகிறது. திறந்தமூலக் கருவி எழுதிய நிரலுக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பது, ஏற்கலாமா என்பதே கேள்வி.

நானும் அதே வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, நெடுங்காலமாகச் சிறு கருவிகளுக்கு நிரல் எழுதி வருபவன் என்பதால், தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். அந்த வாக்கியத்தில் இப்போது உள்ளபடியே கையொப்பமிட வேண்டாம், தங்கை. விதிக்கோப்பில் சில மாற்றங்களைச் செய்துவிட்டு, வாக்கியத்தையும் திருத்தினால் தாராளமாகக் கையொப்பமிடலாம். இணக்கம் என்பது ஃபிளெக்ஸ் என்ற கருவிக்கு உரிய பண்பு அன்று. குறிப்பிட்ட பதிப்பைக் கொண்டு, குறிப்பிட்ட தெரிவுகளோடு (ஆப்ஷன்), குறிப்பிட்ட விதிக்கோப்பிலிருந்து பிறந்த ஒரு கோப்புக்கு மட்டுமே அது உரியது. அதை உறுதி செய்ய வேண்டியவர் கருவியை எழுதியவர் அல்லர், ஓட்டியவர்.

முதலில் எந்தத் தரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே இரண்டு தரங்கள் குறுக்கிடுகின்றன. லெக்ஸ் என்ற மூலக்கருவியை 1975-இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் எழுதினார்கள். பின்னர் அதன் விதிமொழி, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்துக்குள் சேர்க்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் வெர்ன் பாக்ஸன் எழுதிய ஃபிளெக்ஸ் அந்தப் பாசிக்ஸ் வரையறையைப் பின்பற்ற முயன்றது. இது உள்ளே போகும் விதிகளுக்கான தரம். வெளியே வரும் நிரலுக்கான தரமோ ஐஎஸ்ஓ வெளியிடும் சி மொழி வரையறை: 1990, 1999, 2011 என்று பதிப்புகள் தொடர்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஃபிளெக்ஸ் பாசிக்ஸுக்கு உட்பட்டது, ஆகவே நிரல் சி99-க்கு உட்பட்டது" என்று சொல்வோரை நான் கண்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படுவதில்லை.

உள்ளே போகும் தரத்தைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு நகர்கிறேன். ஆங்கில எழுத்துகள் ஏ, பி இரண்டையும் சேர்த்தெழுதி அதன் பின்னே அடைப்புக்குறியில் 3 என்று போட்டால், பாசிக்ஸ் லெக்ஸ் முழு இணையையும் மும்முறை எதிர்பார்க்கும். ஃபிளெக்ஸ் வழக்கமான நிலையில் பி-யை மட்டும் மும்முறை எதிர்பார்க்கும். "பாசிக்ஸ்" என்ற தெரிவைக் கொடுத்தால்தான் அது பழைய பொருளுக்குத் திரும்பும். எடை வரியில் இத்தனை இலக்கங்கள் என்று எண்ணி எழுதும் விதிகளில் இது நேரடியாகத் தவறான எடையைத் தரக்கூடும். ஆகவே அத்தகைய இடங்களில் பிறை அடைப்புகளைத் தாராளமாகப் போட்டு, எந்தக் கருவியும் ஒரே பொருளைக் கொள்ளும்படி எழுதுங்கள்.

இனி உங்கள் பிழைக்கு வருவோம். கண்டிப்பான சி99 நிலையில் கம்பைலர் சொன்னது, ஃபைல்நோ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) அறிவிக்கப்படாமலேயே அழைக்கப்படுகிறது என்பதுதானே? உருவான கோப்பில், உள்ளீட்டைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபரைத் தொடக்கும் பகுதியைப் பாருங்கள். உள்ளீடு வருவது மனிதர் தட்டும் முனையத்திலிருந்தா, சாதாரணக் கோப்பிலிருந்தா என்று அறிய, ஃபிளெக்ஸ் ஐஎஸ்ஏடிடிஒய் என்ற செயற்கூறை அழைக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டிய எண்ணைப் பெற ஃபைல்நோவை அழைக்கிறது. இரண்டும் பாசிக்ஸைச் சேர்ந்தவை. சி மொழித் தரத்தில் இரண்டுக்கும் இடமில்லை. முன்னது யூனிஎஸ்டிடி என்ற, அறிவிப்புகள் அடங்கிய தலைப்புக்கோப்பிலிருந்து வந்துவிடுகிறது. பின்னது எஸ்டிடிஐஓ தலைப்புக்கோப்பில் இருந்தாலும், கண்டிப்பான நிலையில் லினக்ஸின் நூலகம் அதை மறைத்துவிடுகிறது. ஆகவேதான் ஒன்று மட்டும் கம்பைலரின் கண்ணில் படுகிறது.

1990-ஆம் ஆண்டுத் தரத்தின்படி அறிவிக்காத செயற்கூறை அழைப்பது அனுமதிக்கப்பட்டதே. அது இன்ட், அதாவது முழு எண், தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும், ஃபைல்நோவும் இன்ட்தான் தருகிறது என்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடும். 1999-இல் அந்த அனுமதி நீக்கப்பட்டது. ஆயினும் ஜிசிசி என்ற கம்பைலர் பல ஆண்டுகள் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2024-இல் வந்த ஜிசிசி 14 தான் அதை வழக்கமான நிலையிலேயே பிழையாக்கியது. முன்னாளில் உங்கள் மூத்தவர்கள் இதுபோன்ற விதிக்கோப்பை வைத்துத் தடையின்றி வேலை செய்திருக்கலாம். நிரல் கெட்டுப்போகவில்லை, தொடக்கத்திலிருந்தே இருந்த மீறலைக் கம்பைலர் இப்போதுதான் தடுக்கிறது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, "நெவர்-இன்டராக்டிவ்" என்ற தெரிவை விதிக்கோப்பின் தலையில் சேர்த்துவிடுவது. அதைச் சேர்த்தால் ஐஎஸ்ஏடிடிஒய் அழைப்பும் ஃபைல்நோ அழைப்பும் உருவான கோப்பிலிருந்து மறைந்துவிடும், பிழையும் போய்விடும். உங்கள் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். அந்தத் தெரிவோடு உருவான லெக்சர் உள்ளீட்டைப் பெரிய மொத்தமாகப் படிக்கும். ஃபிளெக்ஸின் வழக்கமான படிப்பு அளவு 8192 பைட். எடை மேடையிலிருந்து வரும் வரி முப்பது பைட்டைக்கூடத் தாண்டாது. லோரி மேடையில் நிற்கும், வரியும் வந்திருக்கும், ஆனால் நிரல் பஃபர் நிரம்பக் காத்துக்கொண்டிருக்கும். பின்னால் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். உங்களுக்கு வேண்டியது "ஆல்வேஸ்-இன்டராக்டிவ்". அதுவும் அதே இரண்டு அழைப்புகளையும் நீக்குகிறது. ஆனால் உள்ளீட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, வரி முடிந்ததும் வேலையைத் தொடங்குகிறது. தரத்துக்காகச் செய்யும் மாற்றம் நிரலின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதை மேடையருகே நின்று பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். கூடவே "நோயூனிஎஸ்டிடி" தெரிவையும் சேர்த்தால் அந்தத் தலைப்புக்கோப்பும் விலகிவிடும்.

இவ்வளவு செய்ததும் கம்பைலர் அமைதியாகிவிடும். அந்த அமைதியை நம்பிக் கையொப்பமிடலாகாது. உள்ளீட்டைப் படிக்கும் ஒய்ஒய்_இன்புட் என்ற மேக்ரோவின் (பெயர் வருமிடமெல்லாம் நிரல்வரிகளாக விரியும் சுருக்கம்) உள்ளே, படிப்பு இடையில் தடைப்பட்டதா என்று பார்க்க ஈஇன்டர் என்ற பிழைக்குறி இன்னும் இருக்கிறது. சி99 தரம் பெயர் சொல்லும் பிழைக்குறிகள் மூன்றே: ஈடாம், ஈரேஞ்ச், ஈஇல்செக். ஈஇன்டர் அவற்றில் இல்லை. லினக்ஸில் அது எப்போதும் வரையறுக்கப்பட்டிருப்பதால் கம்பைலர் வாய் திறக்காது. இயங்குதளமே இல்லாத ஒரு சிறு சில்லுக்கு இதே கோப்பைக் கொண்டுபோனால் அங்கே நின்றுவிடக்கூடும். ஜிசிசியின் கையேடே, அதன் "பெடான்டிக்" தெரிவு முழுமையான இணக்கச் சோதனை ஆகாது என்று எச்சரிக்கிறது. நல்ல வேளையாக, ஒய்ஒய்_இன்புட் மேக்ரோவை விதிக்கோப்பிலேயே நீங்கள் வரையறுத்துவிட்டால் ஃபிளெக்ஸ் தன்னுடையதைப் பயன்படுத்தாது. பத்து வரிகளில் முடியும் வேலை அது, எழுதிவிடுங்கள்.

அதே கோப்பில் ஒய்ஒய்_எக்ஸிட்_ஃபெயிலியர் என்பதற்கு 2 என்ற மதிப்பு கொடுக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். நினைவகம் போதாமல் போனால் லெக்சர் அந்த எண்ணோடு நிரலையே முடித்துவிடும். தரம் பொருள் சொல்லும் முடிவு மதிப்புகள் சுழியும், வெற்றி, தோல்வி என்ற இரண்டு மேக்ரோக்களும்தான். 2 என்பதற்கான பொருளை அந்தந்தக் கம்பைலரும் நூலகமும் தீர்மானிக்கும். இது மீறல் ஆகாது. ஆனால் எடை மேடையை நாள் முழுதும் இயக்க வேண்டிய நிரல் தானாக முடிந்துபோவது யாருக்கும் ஆகாது என்பதால், ஒய்ஒய்_ஃபேட்டல்_எரர் மேக்ரோவையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் "உட்பட்டது" என்ற சொல்லின் எடையை உணர வேண்டும். சி தரம் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது. ஏதேனும் ஓர் இணக்கமான கம்பைலர் ஏற்றுக்கொண்டால் போதும், அந்த நிரல் "இணக்கமானது". இது மிகத் தாழ்வான வாசற்படி. "கண்டிப்பாக இணக்கமானது" என்பதோ, கம்பைலருக்குக் கம்பைலர் வேறுபடும் எதையும் சார்ந்த வெளியீட்டைத் தராமலும், தரம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச வரம்புகளைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இரண்டாவது நிலையை ஃபிளெக்ஸ் எழுதும் நிரல் 1990-ஆம் ஆண்டுத் தரத்தின்கீழ் எட்டவே முடியாது என்பதற்கு ஓர் எளிய சான்று தருகிறேன். அத்தரத்தின்படி, பல கோப்புகளுக்குப் பொதுவான பெயர்களில் முதல் ஆறு எழுத்துகள் மட்டுமே வேறுபடுத்திப் பார்க்கப்படும் என்று உறுதி. ஃபிளெக்ஸ் எழுதித் தரும் மூன்று செயற்கூறுகள் ஒய்ஒய்_ஸ்கேன்_ஸ்ட்ரிங், ஒய்ஒய்_ஸ்கேன்_பைட்ஸ், ஒய்ஒய்_ஸ்கேன்_பஃபர். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: ஒய், ஒய், அடிக்கோடு, எஸ், சி, ஏ. மூன்றுக்கும் முதல் ஆறு எழுத்துகள் ஒன்றே. சி99 அந்த வரம்பை 31-ஆக உயர்த்தியதால் இச்சிக்கல் தீர்ந்தது.

வரி எண் குறிப்புகளும் இத்தகையவையே. பிழை வந்தால் விதிக்கோப்பின் வரியைச் சுட்டிக்காட்ட, உருவாக்கிகள் "லைன்" என்ற கட்டளையை நிரலெங்கும் தூவுகின்றன. 1990-ஆம் ஆண்டுத் தரத்தில் அந்த எண் 32767-ஐத் தாண்டலாகாது. சி99-இல் 2147483647 வரை போகலாம். சிறிய விதிக்கோப்புக்கே ஃபிளெக்ஸ் ஆயிரத்து ஐந்நூறு வரிகளுக்கு மேல் எழுதுகிறது. பெரிய மொழிகளுக்கு எழுதும் லெக்சர்கள் பழைய வரம்பைத் தாண்டுவது நடக்கக்கூடியதே. பழைய தரத்தைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு "நோலைன்" தெரிவோடு உருவாக்கிக் கொடுப்பது நல்லது. உங்களுக்கு இது பொருந்தாது.

நான் மிகவும் கவலைப்படும் இடம் வேறு. அது நமக்கு நெருக்கமானது. தமிழ் எழுத்தின் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. "அஞ்சலை" என்ற பெயரின் முதல் எழுத்தான அகரம் 224, 174, 133 என்ற மூன்று எண்கள். சி மொழியில் எழுத்தைத் தாங்கும் சார் என்ற வகைக்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதைத் தரம் கம்பைலரிடமே விட்டுவிட்டது. அலுவலகக் கணினியில் அது குறியுள்ளது. ஆகவே 224 என்பது அங்கே −32 ஆகிவிடுகிறது. ஆர்ம் சில்லு பொருத்திய லினக்ஸ் பலகையில் அது குறியற்றது. 224 அப்படியே 224. ஃபிளெக்ஸ், எந்த எழுத்துக்கு என்ன செய்வது என்று காட்டும் தன் அட்டவணையைத் தொடும் முன் எழுத்தைக் குறியற்ற வகைக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த அளவில் அது கவனமாக எழுதப்பட்ட கருவி. ஆனால் விதிக்கு எதிரே நீங்கள் எழுதும் செயல்வரிகளை அது சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறது. அங்கே கிடைத்த எழுத்தை அப்படியே, அது அகரவரிசை எழுத்தா என்று சோதிக்கும் ஐஸ்ஆல்ஃபா செயற்கூறிடம் கொடுத்தீர்களானால், −32 அதனிடம் போய்ச் சேரும். அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று தரமே சொல்லாதது. உருவான கோப்பில் ஒரு பகுதி எப்போதும் உங்கள் கையெழுத்துத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன், ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், பால் மரம் வெட்டுவோர் கொண்டுவரும் பாலின் எடையைப் பெயர்வாரியாகப் பதியும் நிரலை நான் எழுதினேன். வேகத்துக்காக அட்டவணையைச் சுருக்காமல் வைக்கும் "சிஎஃப்" தெரிவைப் போட்டிருந்தேன். அத்தெரிவோடு ஃபிளெக்ஸ் ஏழு பிட் எழுத்துகளுக்கு மட்டுமே அட்டவணை அமைக்கக்கூடும், எட்டு பிட் எழுத்து வந்தால் லெக்சர் தொங்கிப்போகலாம் அல்லது முறிந்துபோகலாம் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. என் விதி "காற்புள்ளி அல்லாத எதுவும்" என்று இருந்ததால் உருவாக்கும் நேரத்திலும் ஃபிளெக்ஸ் எதையும் கேட்கவில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியார் பெயர்களைத் தமிழில் பதிந்த முதல் நாள் காலை, முதல் பெயரிலேயே நிரல் நின்றது. வாளிகளோடு வரிசையில் நின்றவர்களின் எடையை அன்று புத்தகத்தில் கையால் எழுதினோம். அன்றிலிருந்து எட்டு பிட் தெரிவை விதிக்கோப்பிலேயே எழுதிவைப்பது என் வழக்கமாயிற்று. உங்கள் மேடையில் லோரி ஓட்டுநர் பெயரோ தோட்டத்தின் பெயரோ என்றேனும் தமிழில் வரும், இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஃபிளெக்ஸை விட்டுவிட்டு ரீ2சி கருவிக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பீட்டர் பம்புலிஸ் உருவாக்கிய இக்கருவியைத்தான் பிஎச்பி மொழியின் லெக்சரும் நிஞ்ஜா என்ற கட்டுமானக் கருவியும் பயன்படுத்துகின்றன. தர இணக்கத்தைப் பொறுத்தவரை, என் தீர்ப்பில், சிறு கருவிகளுக்கு இதுவே மேல். காரணம், இது கோப்பைத் திறப்பதில்லை, நினைவகம் கேட்பதில்லை, நிரலை முடிப்பதுமில்லை. உள்ளீடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நீங்கள் காட்டும் சுட்டிகளை (பாயின்டர்) வைத்துக்கொண்டு, தாவும் வரிகளையும் கிளை பிரியும் வரிகளையும் மட்டும் எழுதித் தருகிறது. தலைப்புக்கோப்பு எதையும் நாடாததால் தரத்துக்கு வெளியே போக அதற்கு வழி குறைவு. ஆயினும் "ஜி" என்ற தெரிவைப் போட்டால், அடையாளச்சீட்டின் முகவரியை எடுத்துத் தாவும் ஜிசிசியின் சொந்த நீட்சியைப் பயன்படுத்தும். அது எந்தச் சி தரத்திலும் இல்லை. அந்தத் தெரிவைத் தொடாதீர்கள். சுட்டிகள் ஒரே பஃபருக்குள் இருக்க வேண்டியதும் உங்கள் பொறுப்பே. வெவ்வேறு பஃபர்களின் சுட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது வரையறுக்கப்படாத நடத்தை.

மிஸ்ரா விதிகளுக்கும் உட்பட வேண்டும் என்று வாடிக்கையாளர் பின்னர் கேட்கக்கூடும் என எழுதியிருந்தீர்கள். வாகனத் துறைக்காக 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய அந்த விதித்தொகுப்பு, மொழித் தரத்தைவிடப் பல மடங்கு கண்டிப்பானது. அதன் 2012 பதிப்பு, நினைவகத்தை ஓட்டத்தில் கேட்டுப் பெறும் செயற்கூறுகளையும், எஸ்டிடிஐஓ வழியான உள்ளீடு வெளியீட்டையும் தடுக்கிறது. ஃபிளெக்ஸின் வழக்கமான வெளியீடு இரண்டின் மேலும் நிற்கிறது. ரீ2சி தூவும் "கோ டூ" (goto) என்ற தாவலை அது அறிவுரை அளவில்தான் தவிர்க்கச் சொல்கிறது. தானாக உருவான நிரலுக்கென்று அத்தொகுப்பில் தனிப் பின்னிணைப்பே உண்டு. மீற வேண்டிய விதியைக் காரணத்தோடு எழுத்தில் பதிந்து ஒப்புதல் பெறும் முறையும் உண்டு. ஆகவே மிஸ்ரா கேட்டால் ரீ2சிக்கு மாறுங்கள். எஞ்சும் மீறல்களை மறைக்காமல் பதிவில் எழுதுங்கள்.

எந்தக் கருவியானாலும், உருவான கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். எச்சரிக்கை ஒன்றைப் போக்க உருவான கோப்பில் ஒரு வரியை மாற்றுவீர்கள்; அடுத்த மாதம் இன்னொருவர் விதிக்கோப்பில் ஓர் இலக்கத்தை மாற்றி மீண்டும் உருவாக்குவார்; உங்கள் திருத்தம் சுவடில்லாமல் போய்விடும், கையொப்பம் மட்டும் நிற்கும். எல்லா மாற்றமும் விதிக்கோப்பிலேயே இருக்கட்டும். கருவியின் பதிப்பும் கட்டாயம் பதிவில் இருக்க வேண்டும். ஆப்பிள் கணினிகளோடு நெடுநாள் வந்துகொண்டிருந்த ஃபிளெக்ஸ் 2.5.35, உருவாக்கும் நிரலில் "ரெஜிஸ்டர்" என்ற சொல்லைப் பயன்படுத்தியது. சி++17 அச்சொல்லின் அப்பயன்பாட்டை நீக்கிவிட்டதால், அந்த நிரலைச் சி++ கம்பைலரிடம் கொடுத்தால் அது மறுக்கக்கூடும். 2.6 வரிசையில் அச்சொல் அகற்றப்பட்டது. ஒரே விதிக்கோப்பு, இரண்டு பதிப்புகள், இரண்டு வேறு முடிவுகள்.

பயன்படுத்தப்படாத செயற்கூறு, குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் ஒப்பிடுதல் போன்ற எச்சரிக்கைகள் நீங்கள் அனுப்பிய பட்டியலில் நிறைய இருந்தன. அவற்றில் எதுவும் தர மீறல் இல்லை. "நோஅன்புட்", "நோஇன்புட்" தெரிவுகள் முன்னதைத் தீர்த்துவிடும். பின்னதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு விடலாம்.

வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டிய வாக்கியத்தை இப்படி எழுதுங்கள்: "இந்த லெக்சர் கோப்பு, உடன் இணைக்கப்பட்டுள்ள விதிக்கோப்பிலிருந்து, ஃபிளெக்ஸ் 2.6.4 பதிப்பைக் கொண்டு, ஆல்வேஸ்-இன்டராக்டிவ், நோயூனிஎஸ்டிடி, எட்டு பிட் ஆகிய தெரிவுகளோடு உருவாக்கப்பட்டது. உள்ளீட்டுப் பகுதியும் பிழை முடிவுப் பகுதியும் எம்மால் எழுதப்பட்டவை. ஜிசிசி 14-இல் சி99 கண்டிப்பான நிலையில் பிழையின்றித் தொகுக்கப்பட்டது. சி99 தரத்துக்கு வெளியே உள்ள நூலகச் செயற்கூறு எதையும் இது அழைக்கவில்லை என்பதை உருவான கோப்பைப் படித்து உறுதி செய்தோம்." கடைசிப் பகுதியை எழுதும் முன் கோப்பை உண்மையாகவே வரி வரியாகப் படியுங்கள், அட்டவணைகளை விட்டுவிட்டால் படிக்க வேண்டியது ஒரு பிற்பகல் வேலைதான். படித்து முடித்தபின் அதன் கீழே உங்கள் பெயரைப் போடலாம், தங்கை.